சங்கிலிமுத்து இருப்பிடத்தில் இல்லை

சங்கிலிமுத்து தூக்குவாளியை எறிந்தார் என்பதில் அரசாங்கத்துக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எதன்மீது எறிந்தார் என்பதில்தான் சிக்கல். ஏழாயிரம்பண்ணை விலக்கு பஸ் நிறுத்தத்தில் காலை ஆறு மணிக்கு நின்றிருந்த அவர், மூன்றாவது நாளாகத் தன்னை ஏற்றாமல் பறந்த வெள்ளை வேனின் முதுகைப் பார்த்து எறிந்தார். அது தான் வேலைபார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் வேன் என்று நினைத்தார். கம்பெனி வேன் இரண்டு நிமிடம் தள்ளிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. முன்னால் போனது, 'பாதுகாப்பாக இருப்போம், பண்போடு வாழ்வோம்' என்று எழுதிய அரசு விழிப்புணர்வு வாகனம். பின்கண்ணாடி நொறுங்கியது. புளிச்சோறு ஒலிபெருக்கிக்குள் போனது.

வழக்கு நடந்தது. சங்கிலிமுத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், புளிச்சோறு உட்பட. அவருக்கு நாற்பத்து நான்கு வயது. மனைவி சின்னத்தாய்க்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. மகள் வேல்விழி பிளஸ் ஒன். மாஜிஸ்திரேட் அம்மா அவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார். வேலைக்கு ஒழுங்காகப் போகவேண்டும், வம்புதும்பு கூடாது, நன்னடத்தை அலுவலர் சொல்வதைக் கேட்கவேண்டும். மீறினால் ஆறு மாதம் உள்ளே.

முதல் மூன்று மாதம் நன்னடத்தை அலுவலர் பொன்னுத்தங்கம் பஸ் ஏறி ஊருக்கு வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்காருவார். "குடிக்காரா? வேலைக்குப் போறாரா?" என்று சின்னத்தாயிடம் கேட்பார். கம்பெனியில் ஒரு வார்த்தை விசாரிப்பார். நோட்டில் நாலு வரி எழுதிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். இந்த முறையில் குறை எதுவும் பதிவாகவில்லை என்பதுதான் இதன் பெரிய குறை. குறையில்லாத ஒன்றைச் சீர்திருத்துவதற்கு யாரும் நிதி ஒதுக்க மாட்டார்கள்.

ஆகவே ஏப்ரல் மாதத்தில் மின்வழி நன்னடத்தைத் திட்டம் வந்தது.

தொடக்க விழாவுக்காக, கண்காணிப்பில் இருந்த முப்பத்தியொரு பேரையும் விருதுநகர் அருகே சூலக்கரையில் இருக்கும் மாவட்ட அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். வாசலில் ஓர் அறிவிப்பு: 'நன்னடத்தையாளர்கள் செருப்பை வெளியே விடவும். செருப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' குற்றவாளி என்ற சொல் மனத்தைப் புண்படுத்தும் என்பதால் நன்னடத்தையாளர் என்ற சொல்லைத் துறை புதிதாகக் கண்டுபிடித்திருந்தது. செருப்பைப் பொறுத்தவரை பழைய கருத்திலேயே இருந்தது.

மாவட்ட மின்நன்னடத்தை ஒருங்கிணைப்பாளர் ராஜபாண்டியன் பேசினார். இஸ்திரி மடிப்பு கலையாத மனிதர். குரலில் எப்போதும் ஒரு திறப்புவிழா இருக்கும்.

"முன்பெல்லாம் ஓர் அலுவலர் வெயிலில் அலைந்து, நன்னடத்தையாளரை நேரில் பார்த்து, பேசி, அவர் திருந்திவிட்டாரா என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவலநிலை இருந்தது. இனிமேல் பார்க்க வேண்டியதில்லை. பேச வேண்டியதில்லை. தெரிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. எல்லாம் சர்வருக்குத் தெரியும்!"

கைதட்டினார்கள். சர்வர் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். மேகத்தில் இருப்பதாக ராஜபாண்டியன் சொன்னார். பலரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். சூலக்கரையில் அன்றைக்கு மேகம் இல்லை.

ஆளுக்கொரு அரசு கைபேசி கொடுத்தார்கள். அதற்குள் 'நல்லவன்' என்றொரு செயலி இருந்தது. பெண்களுக்கான 'நல்லவள்' செயலிக்கு டெண்டர் விடவிருப்பதாகவும், அதுவரை பெண்களும் நல்லவனாகவே இருக்கலாம் என்றும் அறிவித்தார்கள். ஒரு நாளில் எந்த நேரத்திலும் செயலி கூப்பிடும். மூன்று நிமிடத்துக்குள் முகத்தைக் காட்டவேண்டும். போன் அசையாமல் தனியாகக் கிடந்தால் தலைமறைவு என்று பதியும்; ஆளோடு இருந்தும் காட்டாவிட்டால் சைரன் ஊதும். சைரனை அணைக்கவோ குறைக்கவோ முடியாது. முகம் காட்டினால்தான் நிற்கும்.

சங்கிலிமுத்து கையைத் தூக்கினார். "சார், எங்க கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதுங்க. கேட்டுலயே வாங்கி வச்சுக்கிருவாக."

"நல்ல கேள்வி. கேள்விகளைச் செயலியில் உள்ள 'கேள்வி' பட்டனை அமுக்கிக் கேட்கலாம்."

சங்கிலிமுத்து அமுக்கினார். 'இந்த வசதி விரைவில்' என்று வந்தது.

கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்திருந்த தருண்குமார் ஒவ்வொருவர் முகத்தையும் பதிந்தான். படம் பிடிக்கப்போகிறார்கள் என்று சின்னத்தாய் காலையிலேயே எச்சரித்திருந்ததால் சங்கிலிமுத்து இரண்டு தடவை சோப்புப் போட்டு, எண்ணெய் வைத்துத் தலைசீவி வந்திருந்தார். பதிவு பிரமாதமாக அமைந்தது.

மூலையில் பொன்னுத்தங்கம் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் முப்பத்தியொரு பச்சைப் புள்ளிகள்.

"இனிமே நான் வர முடியாது சங்கிலிமுத்து. வந்தா எனக்கு மெமோ."

"ஏம்மா?"

"தொலைதூரக் கண்காணிப்பாம். பக்கத்துல வந்து பார்த்தா திட்டம் கெட்டுப்போகுமாம்."

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் போர்மேன் சீனிச்சாமி நின்றார். பீடி, தீப்பெட்டி, போன் எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போனதில்லை. அவருக்கு இருபது வருசமாக இடது காது கேட்காது. எதனால் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

"ஏலே சங்கிலி, இது என்ன புதுசா?"

"கவர்மெண்டு போன் அண்ணாச்சி. எந்நேரமும் கையில வச்சிருக்கணுமாம்."

"கவர்மெண்டு போன்னா தீப்பொறி வராதோ? பெட்டியில போடுலே."

சாயங்காலம் பெட்டியிலிருந்து எடுத்தபோது போன் ஒரு செய்தியைக் காட்டியது: 'தாங்கள் தலைமறைவாக உள்ளீர்கள். தலைமறைவு நேரம்: 9 மணி 12 நிமிடம்.' பதறிப்போய், திரும்பும் வேனிலேயே முகத்தைக் காட்டினார். சங்கிலிமுத்து வெடிமருந்து கலக்குகிற ரூமில் வேலைபார்ப்பவர். அலுமினியப் பொடி அப்பிய முகம் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னும். செயலி அந்த முகத்தைச் சற்று நேரம் ஆராய்ந்தது. பிறகு சொன்னது: 'முகம் பொருந்தவில்லை. தாங்கள் சங்கிலிமுத்துவின் கைபேசியைத் திருடியுள்ளீர்கள். உடனடியாக அவரிடம் ஒப்படைக்கவும்.'

ஒப்படைப்பதற்காக சங்கிலிமுத்து வீட்டுக்கு விரைந்தார். தெருவுக்குள் நுழையும்போது சைரன் ஊதத் தொடங்கியது.

அந்த ஊரில் சைரன் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இன்னும் வேன் வந்து சேராத வீடுகளில் அழுகையே தொடங்கிவிட்டது. சின்னத்தாய் வாசலில் நின்று இரண்டு கையையும் உயர்த்திக் கத்தினாள்.

"ஒண்ணுமில்ல தாயீ, ஒண்ணுமில்ல! எங்க வீட்டுக்காரரு மூஞ்சியத் தேடுறாக!"

சங்கிலிமுத்து தொட்டித் தண்ணீரில் முகத்தைத் தேய்த்துக் கழுவிக் காட்டியபின்தான் சைரன் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்க வெகுநேரமானது. யாரும் சங்கிலிமுத்துவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி சூலக்கரைக்குப் போனார். ராஜபாண்டியன் ஏறிட்டுப் பார்த்தார்.

"நீங்கள் சங்கிலிமுத்துதானா?"

"ஆமா சார்."

"செயலி இல்லை என்கிறதே."

"அது பவுடரு சார். வேலை முடிஞ்சா மூஞ்சி அப்படித்தான் இருக்கும்."

"தனிப்பட்ட முறையில் உங்களை நான் நம்புகிறேன். ஆனால் துறைரீதியாக நீங்கள் இன்னும் இங்கே வந்து சேரவில்லை."

தருண்குமார்தான் வழி சொன்னான். எந்த முகம் அதிக நேரம் இருக்கிறதோ அதையே பதிந்துவிடலாம். மறுநாள் வேலை முடிந்ததும் கழுவாத முகத்தோடு சங்கிலிமுத்து விருதுநகர் பஸ்ஸில் ஏறினார். பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. சூலக்கரையில் வெள்ளி முகம் பதிவானது. வீட்டுக்கு வந்து குளித்தார். எட்டு மணிக்குச் செயலி கூப்பிட்டது. 'முகம் பொருந்தவில்லை' என்றது.

"ரெண்டு மூஞ்சியும் பதிய முடியாதா தம்பி?" என்று போனில் கேட்டார்.

"முடியாதுண்ணே. ரெண்டு மூஞ்சின்னா அது மோசடிக் கணக்குல போயிரும்."

பொடியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கம்பெனியை விட்டு ஒரு சிட்டிகை வெளியே போனாலும் அது வேறு வழக்கு. சின்னத்தாய் யோசித்தாள். சாமி படத்துக்கு முன்னாலிருந்த திருநீற்றைக் கிண்ணத்தில் அள்ளி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து, கணவரின் முகத்தில் ஒரு இடம் விடாமல் பூசினாள். செயலி ஒரு நொடி தயங்கியது. பிறகு, 'வணக்கம் சங்கிலிமுத்து!' என்றது.

அன்றிலிருந்து வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர் அந்தக் கோலத்தில்தான் இருந்தார். ஒரு மாதத்தில் டீக்கடையில் அவரைப் பார்த்ததும் எழுந்து நிற்பவர்கள் உண்டானார்கள். பயந்து அழுத குழந்தைக்கு மந்திரிக்கச் சொல்லி ஒரு தாய் வந்தாள். தனக்கு மந்திரம் தெரியாது என்று அவர் சொன்னதைத் தன்னடக்கமாக எடுத்துக்கொண்டாள்.

செயலியில் அவருடைய நற்பண்பு மதிப்பெண் தொண்ணூற்றொன்றைத் தொட்டது. ஆய்வுக் கூட்டத்தில் ராஜபாண்டியன் அவருடைய முதல் படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் காட்டினார்.

"தொழில்நுட்பம் மனிதனை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஒரே மாதத்தில் இந்த முகத்தில் வந்திருக்கும் தேஜஸைப் பாருங்கள்!"

இதற்கிடையில் தினமும் மாலை ஆறரைக்கு ஒரு பெண்குரல் போனில் அழைக்கும். 'செய்த குற்றத்துக்கு வருந்தினால் ஒன்றை அழுத்தவும். மிகவும் வருந்தினால் இரண்டை அழுத்தவும். இனிமேல்தான் வருந்தவிருக்கிறீர்கள் என்றால் மூன்றை அழுத்தவும்.' சங்கிலிமுத்து தினமும் இரண்டை அழுத்தினார். இருபதாவது நாள் செய்தி வந்தது: 'தாங்கள் அளவுக்கு மீறி வருந்துகிறீர்கள். இது மன அழுத்தத்தின் அறிகுறி. மகிழ்ச்சியாக இருக்கவும்.' பயந்துபோய் மறுநாள் ஒன்றை அழுத்தினார். 'தங்கள் வருத்தம் ஐம்பது சதவீதம் சரிந்துள்ளது. எச்சரிக்கை!'

"நீங்க வருத்தப்படுதீகளா இல்லையா, ஒரு முடிவுக்கு வாங்க," என்றாள் சின்னத்தாய்.

"கண்ணாடிய ஒடச்சதுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யுது தாயி. அதைத் தினமும் ஆறரைக்கு வான்னா எப்படி வரும்?"

செப்டம்பரில் சீசன் உச்சத்துக்கு வந்தது. தீபாவளி ஆர்டருக்காகக் கம்பெனியில் ஒரு நாள் கூட லீவு இல்லை. அந்த நேரம் பார்த்துச் செயலியை மேம்படுத்தினார்கள். புதிய வரைபடத்தில் குற்றத்தைத் தூண்டும் இடங்களெல்லாம் சிவப்பாக இருந்தன. டாஸ்மாக், சீட்டாடும் இடம், வெடிபொருள் புழங்கும் இடம். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றி வரைபடத்தில் சிவப்பைத் தவிர வேறு நிறம் இல்லை. கேட்டுப் பெட்டியில் கிடந்த போன், சங்கிலிமுத்து தினமும் ஒன்பது மணிநேரம் சிவப்புப் பகுதியில் அசையாமல் பதுங்கியிருப்பதாகத் தெரிவித்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் கிடப்பதாகத் தெரிவித்தது. சின்னத்தாய் அதைத் தன்னோடு தீப்பெட்டி ஆபீசுக்கு எடுத்துப்போனாள். பெண்கள் வேலைபார்க்கும் இடத்தில் அத்துமீறி நடமாட்டம் என்றது. நற்பண்பு ஒரே வாரத்தில் பதினேழுக்கு இறங்கியது.

மூன்றாவது முறையாக சூலக்கரைக்குப் போனார். ராஜபாண்டியனிடம் தீர்வு தயாராக இருந்தது.

"இதற்கு விலக்குப் படிவம் இருக்கிறது. நீங்கள் உண்மையிலேயே வேலை செய்கிறீர்கள் என்பதை மட்டும் நிரூபித்தால் போதும். வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அந்த இடத்திலிருந்தே, மூன்று நிமிட நேரலைக் காணொளி. புதன்கிழமை பதினொரு மணிக்குள். தவறினால் கோர்ட்டுக்கு அறிக்கை போய்விடும்."

"சார், மருந்து ரூமுக்குள்ள போன் கொண்டுபோனா வெடிச்சுரும்."

"எது? போனா?"

"ரூமு சார்."

"போன் வெடிக்காது. பார்த்துத்தான் வாங்கியிருக்கிறோம். ஒரு வருட வாரண்டி இருக்கிறது."

"போன் இல்ல சார், அதுல ஒரு பொறி பட்டாலும் ரூமுல இருக்கிற மருந்து..."

"பாருங்கள், வேலையிடத்தில் அசம்பாவிதம் நடந்தால் அது வேறு துறை. அதற்கு அவர்கள் தனிப் படிவம் வைத்திருப்பார்கள். நம் படிவத்தைப் பற்றி மட்டும் நாம் பேசுவோம்."

வெளியே வரும்போது பொன்னுத்தங்கம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மெதுவாகச் சொன்னார். "கொண்டுபோயிராதீக. கோர்ட்டுக்குப் போனாப் போகட்டும்."

அப்படிச் சொல்வது சுலபம். வீட்டில் சின்னத்தாய் சாப்பாட்டைத் தொடவில்லை. "ஆறு மாசம் உள்ள போயிட்டீகன்னா இவ பிளஸ் டூ பரீட்சைக்கு யாரு நிப்பா? ஒத்தச் சம்பளத்துல என்ன பண்ணுவேன்?" வேல்விழி புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கிலிமுத்து புதன்கிழமை காலை போனை இடுப்பில், கைலிக்குள் சுருட்டிச் செருகிக்கொண்டார்.

கேட்டில் சீனிச்சாமி எல்லோரையும் தடவிப் பார்த்து அனுப்பினார். சங்கிலிமுத்து வந்ததும் தோளில் ஒரு தட்டு. "நீ போலே. உன்னைய எதுக்குத் தடவ?"

அந்தத் தட்டு விழுந்த இடம் உள்ளே போகிற வரை எரிந்தது.

ரூமில் அவரையும் சேர்த்து நாலு பேர். எதிரில் சல்லடையோடு அன்பரசன் உட்கார்ந்திருந்தான். போன வாரம்தான் கல்யாணப் பத்திரிகை கொடுத்தவன். ரப்பர் விரிப்பில் மருந்து பரவிக் கிடந்தது. கதவுக்கு வெளியே வரிசையாக மற்ற ரூம்கள், ஒவ்வொன்றிலும் பெண்கள், திரி வைக்கிறவர்கள், தாள் சுற்றுகிறவர்கள். பத்தேகால் இருக்கும். போனை எடுக்கவேண்டும் என்று மனசு சொன்னது. கை வரவில்லை. பொடிக்குள் வைத்த விரல்களை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது இடுப்பில் போன் அதிர்ந்தது. செயலி கூப்பிடுகிறது. மூன்று நிமிடத்தில் சைரன்.

சங்கிலிமுத்து எழுந்தார். ஓடவில்லை. மருந்து கிடக்கிற ரூமில் ஓடக்கூடாது, எதையும் உரசக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சி நடப்பதுபோல ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து வெளியே வந்தார். "எங்கண்ணே போற?" என்று அன்பரசன் பின்னாலிருந்து கேட்டான். வாசலைத் தாண்டி, மண்சுவரைத் தாண்டிய பிறகுதான் ஓடினார். கம்பி வேலிக்கு அப்பால் கரிசல் காட்டில் போய் விழுந்தபோது சைரன் ஊதியது.

முந்நூறு பேர் ரூம்களை விட்டு வெட்டவெளிக்குச் சிதறி ஓடினார்கள். சத்தம் வந்த திசையைச் சீனிச்சாமி சரியாகக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமானது. காட்டுக்குள் வந்து பார்த்தபோது சங்கிலிமுத்து மண்ணில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் போன் அலறிக்கொண்டு கிடந்தது.

"ஏலே... உள்ள வச்சிருந்தியா?"

"ஆமா அண்ணாச்சி."

அடிக்கக் கை ஓங்கினார் சீனிச்சாமி. ஓங்கிய கை இறங்கிவிட்டது. அப்படியே செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். "போயிரு. நான் சொல்லுற வரைக்கும் இந்தப் பக்கம் வந்துராத," என்றார்.

சங்கிலிமுத்து போனை எடுத்து, வெள்ளி பூசிய முகத்தைக் காட்டினார். உடனே பொருந்தியது. 'வணக்கம் சங்கிலிமுத்து! தாங்கள் அனுமதியின்றி 140 மீட்டர் நகர்ந்துள்ளீர்கள்.'

அறிக்கை கோர்ட்டுக்குப் போனது. தலைமறைவு நூற்றுப் பதினான்கு முறை. காணொளி சமர்ப்பிக்கவில்லை. தற்போது வேலையும் இல்லை.

வாய்தா அன்று ராஜபாண்டியன் தருண்குமாரோடு நேரில் வந்திருந்தார். செயலியைக் கோர்ட்டில் விளக்கிக் காட்டுவதற்காகத் தன் முகத்தையே 'மாதிரி நன்னடத்தையாளர்' என்று பதிந்து, அந்தப் போனைக் கையில் வைத்திருந்தார். பொன்னுத்தங்கம் பழைய நோட்டோடு வந்திருந்தார். கடைசி வரிசையில் சீனிச்சாமி. அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

மாஜிஸ்திரேட் அம்மா அறிக்கையைப் படித்துவிட்டு ராஜபாண்டியனைப் பார்த்தார். "நீங்கள் இவரை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?"

"இவரைப் பற்றி எங்களிடம் பதினாலாயிரம் தரவுகள் இருக்கின்றன, மேடம்."

"பார்த்திருக்கிறீர்களா?"

"அவராகவே மூன்று முறை அலுவலகத்துக்கு வந்தார். அதனால்தான் மூன்று நாள் கண்காணிப்பே தடைப்பட்டது."

அம்மா பொன்னுத்தங்கத்தின் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு சங்கிலிமுத்துவிடம் திரும்பினார். "காணொளி ஏன் அனுப்பவில்லை?"

சங்கிலிமுத்து கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "போன உள்ள கொண்டுபோனேன்மா. அது நான் செஞ்ச தப்பு, மறைக்கல. ஆனா எடுக்க மனசு வரல. உள்ள நாலு பேரு இருந்தோம். பக்கத்துல பொம்பளைக. நான் படத்த எடுத்து, ரூமு வெடிச்சு, அம்புட்டுப் பேரும் செத்திருந்தாக்கூட, இந்தப் போனு 'நன்றி சங்கிலிமுத்து'ன்னுதாம்மா சொல்லியிருக்கும்."

ராஜபாண்டியன் எழுந்தார். "மேடம், உணர்ச்சிவசப்படாமல் பார்க்க வேண்டும். எங்கள் திட்டத்தில் மனிதத் தலையீடே கிடையாது. அதுதான் அதன் சிறப்பு. இப்போதே காட்டுகிறேன்..."

காட்ட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவர் கையிலிருந்த போன் தானாகவே சைரன் ஊதியது. அதற்கு முந்தைய அதிர்வைப் பேச்சு வேகத்தில் அவர் கவனிக்கவில்லை.

"அதை நிறுத்துங்கள்," என்றார் மாஜிஸ்திரேட்.

"முகம் காட்டினால்தான் நிற்கும், மேடம்." ராஜபாண்டியன் போனை முகத்துக்கு நேரே தூக்கினார்.

"கோர்ட்டுக்குள் படம் எடுக்கக்கூடாது என்று தெரியாதா?"

போன் இறங்கியது. "தெரியும், மேடம்."

"அப்படியானால் வெளியே கொண்டுபோங்கள்."

"போன வாரம் செயலியை மறுபடி மேம்படுத்தினோம். இப்போது அழைப்பின்போது இடத்தைவிட்டு நகர்ந்தால்... தப்பியோட்டம் என்று பதிவாகும், மேடம். எல்லா ஸ்டேஷனுக்கும் செய்தி போய்விடும்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். சைரனுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார். "இங்கே காட்டவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. நீங்கள் என்னதான் செய்வீர்கள்?"

ராஜபாண்டியனின் வாய் திறந்தது. பேச்சு வரவில்லை. அவரது உத்தியோக வரலாற்றில் அதுவே முதல்முறை. தருண்குமார் குனிந்து பேனாவைத் தேடுவதுபோல பெஞ்சுக்குக் கீழே போய்விட்டான்.

சங்கிலிமுத்துவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "அம்மா, சாரு மேல கோவிச்சுக்கிறாதீக. அவுகளுக்கு மொதத் தடவ. போகப் போகப் பழகிரும்."

சைரன் ஊதிக்கொண்டிருக்கும்போதே உத்தரவு வந்தது. சங்கிலிமுத்து எந்த நிபந்தனையையும் மீறவில்லை. கைபேசியை இன்றே ஒப்படைக்கலாம். மிச்சமுள்ள மாதங்களுக்கு முன்போலவே பொன்னுத்தங்கம் நேரில் கண்காணிப்பார். வேலை விஷயம் என்ன ஆகும் என்று அம்மா கேட்டதற்கு, கடைசி வரிசையிலிருந்து சீனிச்சாமி எழுந்தார். நல்ல காதை முன்னால் திருப்பிவைத்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வரட்டும்மா. இவன் வெளிய வந்த மாதிரி மெதுவா நடந்து வர எனக்கே வந்திருக்காது."

வெளியே வந்தார்கள். தப்பியோட்டம் பதிவாகிவிட்டதாக ராஜபாண்டியனின் போன் சைரனுக்கு நடுவே அறிவித்தது. சங்கிலிமுத்து தன் போனைத் தருண்குமாரிடம் ஒப்படைத்தார். கையெழுத்துப் போட்ட கையோடு அவன் சிக்னல் தேடுவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டான். கோர்ட்டு எதிரே டீக்கடையில் ராஜபாண்டியன் நின்று முகத்தைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். பதிந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது எவ்வளவு முயன்றும் அந்தச் சிரிப்பு வரவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஏம்ப்பா சங்கிலிமுத்து," என்றார் தணிந்த குரலில். "ஆறு மாசம் வச்சிருந்தியே. இதை எப்படித்தான் நிறுத்துறது?"

சங்கிலிமுத்து யோசித்தார். "எங்க கம்பெனியில எது கையை மீறிப் போனாலும் தண்ணியிலதான் சார் போடுவோம்."

பக்கத்தில் டீ கிளாஸ் கழுவுகிற வாளி இருந்தது. ராஜபாண்டியன் வாளியைப் பார்த்தார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். விரல்களை விரித்தார். சைரன் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் கொப்பளித்துவிட்டு நின்றது. மூன்று குமிழிகள் மேலே வந்தன.

"கைதவறி விழுந்துருச்சு," என்றார், யாரும் கேட்காமலே.

"ஆமா சார். நான் பார்த்தேன்," என்றார் சங்கிலிமுத்து. தேவைப்பட்டால் கோர்ட்டில் வந்து அப்படியே சாட்சி சொல்வதாகவும் சொன்னார்.